ஏலக்காட்டு ஜீப்பில் ஒரு மாத்திரைப் பொட்டலம்

மாயக்காளை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு ஜீப்பின் பின்கதவைக் காலால் உதைத்துச் சாத்த முயன்றுகொண்டிருந்தார். உள்ளே பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடவில்லை.

"ஏண்டி அமுதா, ஒன் பின்பக்கத்தைப் பாதியாவது வீட்டுல வச்சிட்டு வரக் கூடாதா?"

"வச்சிட்டுத்தான் வந்தேன் மாயக்கா. இடிக்கிறது என் தூக்குச்சட்டி," என்று உள்ளேயிருந்து அமுதவள்ளியின் பதில் வந்தது.

ஆடி பிறந்துவிட்டால் போடியில் தினமும் இதுதான் காட்சி. இருட்டு விலகும் முன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குச்சட்டியும் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்கக் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருவார்கள். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஆள் சேர்க்க ஒருவர் இருப்பார். தோட்டத்துக்காரரிடம் பேசுவது, ஆள் குறையாமல் கொண்டுபோய் நிறுத்துவது, வழியில் சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் தெருமுனை ஜீப்பில் அது மாயக்காள்.

ஜீப்பில் அவரவர்க்கு ஓர் இடம் உண்டு. ஒரு நாள் வராமல் போனால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் போய்க் கேட்க முடியாது. அதனால் காய்ச்சலோடு வருகிறவர்கள் உண்டு. மகளை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற நாளில், காலையில் மலையேறி மத்தியானம் கெஞ்சிக் கூத்தாடி இறங்கி வந்தவர்கள் உண்டு. காய் சீசனில் இடத்தை விடுவது சாதாரண விஷயம் இல்லை.

நான் ஊர் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. படித்து முடித்ததும் கிளம்பியவள், கண்ட கண்ட தேசங்களில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு நான்கைந்து வருடம் சுற்றிவிட்டு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். கடையில் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரித்தது. "சும்மா தெருவை அளக்காம, நம்ம காய் எங்கருந்து வருதுன்னாச்சும் போய்ப் பாரு," என்று அப்பாதான் மாயக்காளிடம் சொல்லி என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார். டிரைவர் மகாராஜனுக்கும் மாயக்காளுக்கும் நடுவில், கியர் கம்பி முழங்காலில் இடிக்க உட்கார்ந்து போனேன்.

அன்று சாயங்காலம் இறங்கும்போதுதான் அதைப் பார்த்தேன். போடிமெட்டைத் தாண்டி முதல் வளைவு வந்ததும் மாயக்காள் மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். அதில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டினார். ஒரு கை வந்து ஒன்றை வாங்கிக்கொண்டது. அடுத்த வளைவில் இன்னொரு கை. ஒருத்தி அங்கேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மற்றவர்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

"என்னக்கா அது?"

"வாந்தி மாத்திரை, பாப்பா. வளைவுல கொமட்டும்ல."

எனக்கும் குமட்டிக்கொண்டுதான் இருந்தது. "எனக்கும் ஒண்ணு குடுங்க," என்றேன்.

"ஒனக்கு இது ஆகாது. எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு," என்று சொல்லிப் பையைச் சுருக்கிவிட்டார்.

வாரம் முழுக்க, வருடா வருடம் இதே வளைவுகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வாந்தி ஏன் வருகிறது? வாந்திக்கு மாத்திரை என்றால் வளைவுக்கு முன்னால் அல்லவா போட வேண்டும்? முந்தானையில் ஏன் முடிய வேண்டும்? வீட்டுக்கு வந்தும் இந்தக் கேள்விகள் என்னை விடவில்லை. மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாளும். அப்பா எனக்கு வியாபாரத்தில் ஆர்வம் வந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

அடுத்த மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை, மலையடிவாரத்தில் உள்ள சுகாதார நிலையத்துக்கு முன்னால் மாயக்காள் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "எனக்குப் பேங்குல சோலி இருக்கு. நீங்க போய் வெரசா காயை எடுங்கடி," என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த இடத்தில் பேங்க் எதுவும் இல்லை. நானும் குதித்தேன்.

"நீ எதுக்கு எறங்குற?"

"எனக்கும் பேங்குல சோலிக்கா."

மாயக்காள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, வா. டாக்டரு வர ஒம்பது மணியாகும். வாயை மூடிக்கிட்டு உக்காரணும்."

மூடிய கதவுக்கு முன்னால் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மலை இன்னும் நீலமாக இருந்தது. ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போன சத்தம் தேய்ந்து அடங்கியதும், நான் கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார்.

இருபது வயதுகளில், இதே மாதிரி ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, செடிக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. பிறகு காய் உலர்த்துகிற ஸ்டோரின் புகையிலிருந்து பேச்சு வந்தது. வீட்டில் சோற்றுப்பானை மூடியைத் திறந்தால் அதிலிருந்து வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து தன்னை ஏதோ செய்யப்போகிறார்கள் என்று நம்பி, ஒரு நாள் காய்க்கூடையைப் போட்டுவிட்டுச் சோலைக்காட்டுக்குள் ஓடிவிட்டார். தோட்டமே திரண்டு தேடிக் கண்டுபிடித்தபோது, உடம்பெல்லாம் அட்டை ஏறி, ஒரு பாறைக்கடியில் சுருண்டு கிடந்திருக்கிறார்.

"அட்டை கடிச்சதே தெரியல பாப்பா. அம்புட்டுப் பேச்சு, காதுக்குள்ள."

உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். பிறகு மதுரையில் ஒரு தனியார் டாக்டர். அந்த டாக்டர் கொடுத்த மாத்திரையில் பேச்சு நின்றது. ஆட்டை விற்று மாத்திரை வாங்கினார்கள். ஆடு தீர்ந்ததும் தோட்டை விற்றார்கள். தோடும் தீர்ந்ததும் மாத்திரை நின்றது. மாத்திரை நின்றதும் பேச்சு திரும்ப வந்தது. மறுபடி கடன், மறுபடி மதுரை, மறுபடி நின்றது, மறுபடி வந்தது.

"சீக்கு கொணமாகலேன்னு ஊரு சொல்லுச்சு. சீக்கெல்லாம் கேட்டுச்சு பாப்பா. கைல காசுதான் நிக்கல. எங்க வீட்டுக்காரரு ஒரு பொழுதும் என்னைய விட்டுட்டு ஓடல, அது ஒண்ணு. ஆனா அந்த மனுசன் எதை விப்பாரு? அப்பத்தான் இங்க கவருமெண்டு வண்டி வருதுன்னு இந்த நர்சம்மா வந்து சொன்னாக. சாந்தகுமாரின்னு பேரு, இப்ப வருவாக. மாசத்துக்கு ஒருக்கா டாக்டரு. மாத்திரைக்குக் காசு இல்ல. அன்னைக்குப் பிடிச்சது, ஒரு நாள் விடல. பேச்சும் வரல."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். நான் பார்த்த ஒரு பெரிய நகரத்தில், என்னோடு அறையில் தங்கியிருந்த பெண், மனசுக்கு வைத்தியம் பார்க்கத் தன் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பாள். இங்கே, மலைக்குக் கீழே இந்தச் சின்னக் கட்டடத்துக்கு, எங்கோ ஒரு கிடங்கிலிருந்து கிளம்பிய மாத்திரை மாதந்தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பெண்ணின் தலைக்குள் கேட்ட பேச்சை அது நிறுத்தி வைத்திருக்கிறது. எத்தனை கைகள் மாறி வந்திருக்கும் அது? அதில் ஒரு கை, ஒரு மாதம் சோம்பியிருந்தால் போதும். ரோட்டில் குழி இருந்தால் திட்டுகிறோம், குழாயில் தண்ணீர் வராவிட்டால் மறியல் செய்கிறோம். ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்ப ஜீப்புல குடுக்கிற மாத்திரை?"

"அது அவளுக மாத்திரை. நான் போயிட்டு வந்த ஊருல்ல அது? யாரு அந்தப் பாதையில போறான்னு எனக்குத் தெரிஞ்சிரும். ஒருத்தி தூக்குச்சட்டியைத் தெறக்காமலே திருப்பிக் கொண்டாருவா. ஒருத்தி ராவெல்லாம் ஒறங்காம வந்து காலையில சிரிச்சுக்கிட்டே இருப்பா. மழைக்காலத்துல தோட்டம் மூடுற நாளாப் பாத்து இங்க கூட்டியாந்து டாக்டருகிட்டக் காட்டிருவேன். அதுக்கப்புறம் அவளுக சீட்டை வாங்கிட்டு வந்து நானே மாத்திரை வாங்கிருவேன். அவளுக வந்தா ஜீப்புல எடம் போயிரும்ல? வீட்டுல மாத்திரை அட்டையைப் பாத்தா மாமியா கேப்பா, நாத்தனா கேப்பா. அதான் பையில வச்சு அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்குக் குடுத்துர்றேன். வாந்தி மாத்திரைன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாக."

"நீங்க சாப்பிடுறது அவங்களுக்குத் தெரியுமா?"

மாயக்காள் மலையைப் பார்த்தார். "ஆள் சேக்கிறவளுக்கே கோளாறுன்னா எந்தத் தோட்டக்காரன் ஆள் கேப்பான்? நான் சீக்கா இருந்தப்ப எங்க ஊரு சின்னமனூருப் பக்கம். இங்க வந்தப்பறம் யாருக்கும் தெரியாது."

ஒன்பதரைக்கு ஒரு வெள்ளை வண்டி வந்தது. இறங்கிய மனநல டாக்டர் அன்புச்செல்வனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாயக்காளைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அக்கா, இந்த மாசம் வந்துட்டேன். அடுத்த மாசம் வர்றேன். அதுக்கப்புறம் இங்க வண்டி வராது."

"ஏன் சார்?"

"ஆள் வரல. முன்னாடி சீட்டை வச்சுக் கணக்கு எழுதுவோம். இப்ப நேர்ல வந்தவங்களை மட்டும்தான் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியும். நீங்க ஒரு கட்டுச் சீட்டு கொண்டுவந்து வாங்கிட்டுப் போறீங்க. மேல பாக்கிறவங்களுக்கு இங்க வந்தது மாயக்காள்ன்னு ஒரே ஒரு ஆளு."

மாயக்காளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நர்ஸ் சாந்தகுமாரி அலமாரியைத் திறந்தபடி, "அவளுகளுக்கு ஒத்தாசை பண்றேன்னு நீ இந்த முகாமைக் காலி பண்ணிட்ட மாயக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த நாலு மாத்திரைக்கா கணக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"மாத்திரை செலவே இல்லைங்க," என்றார் டாக்டர். "அரசாங்கம் மொத்தமா வாங்குறதுல ஒரு டீ விலைகூட வராது. செலவு நான்தான். என் சம்பளம், வண்டி, டிரைவர், டீசல். என்கிட்ட இருக்கிறது ஒரு வண்டி. ஒரு நாளை இங்க செலவழிச்சா அந்த நாள் வேற ஊருக்கு இல்ல. தேவாரம் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களும் நோயாளிங்கதானே? அதனால என்னால சண்டை போடவும் முடியல. அடுத்த மாசம் நேர்ல ஆள் வந்தா, அதைக் காட்டி எழுதுறேன். அதோட, இவங்களை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. பாக்காம மாத்திரையை மட்டும் குடுத்துக்கிட்டே இருக்கிறதும் தப்பு. யாருக்குக் கூட்டணும், யாருக்குக் குறைக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "தேனியில பெரிய ஆஸ்பத்திரி இருக்கேக்கா. பஸ்சுல அரை மணி நேரம்."

"ஒனக்கு அரை மணி நேரம். ஜீப்பு போற வழியில இருக்கிறதுக்கே வரமாட்டேங்கிறவளுக, எதிர்ப்பக்கம் பஸ்சு ஏறிப் போவாளுகளா? ஒரு மாசம் விடுவா, ரெண்டு மாசம் விடுவா. அப்பறம் யாரு காட்டுக்குள்ள போய்த் தேடுறது?"

அந்த மாதம் முழுக்க மாயக்காள் மாத்திரை வாங்குகிறவர்களிடம் தனித்தனியாகப் பேசிப் பார்த்தார். காய் எடுக்கும்போது பக்கத்துச் செடிக்கு நகர்ந்து உட்கார்ந்து காதோடு காதாகப் பேசுவார். ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் போய்விடும் என்றார்களாம். அந்த வெள்ளை வண்டி வரும் நாளில் அங்கே நிற்பதைப் பார்த்தாலே ஊர் பேர் வைத்துவிடும் என்றார்களாம். எங்கள் ஜீப்பில் வரும் தமிழ்செல்வி அழுதது மட்டும் என் காதிலேயே விழுந்தது. அவளுடைய மகளுக்கு வரன் பேசி முடிகிற நேரம். "ஆத்தாளுக்கு மண்டைக் கோளாறுன்னு தெரிஞ்சா என் பிள்ளையை யாரு கட்டுவா? என்னைய விட்ருக்கா. நான் மாத்திரை இல்லாமலே இருந்துக்கிறேன்."

"இருந்துக்கிற மாதிரி இருந்தா நான் எதுக்குடி குடுக்கிறேன்," என்றார் மாயக்காள்.

புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம், போடிமெட்டைத் தாண்டியதும், அவர் மகாராஜனிடம் ஜீப்பை ஓரங்கட்டச் சொன்னார். எஞ்சின் நின்றது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மாயக்காள் முதல்முறையாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"நாளைக்கு நம்ம ஜீப்பு மேல போகாது. அடிவாரத்து ஆசுபத்திரியில நிக்கும். மத்தியானத்துக்கு மேலதான் ஏறும்."

"யாருக்கு என்னாச்சு?" என்றாள் அமுதவள்ளி.

"எனக்கு. எனக்கு மனசுக் கோளாறு. பதினஞ்சு வருசத்துக்கு மேல மாத்திரை திங்கிறேன். அந்த வண்டியிலதான் வாங்குறேன். நாளைக்கு ஆள் வரலேன்னா வண்டி நின்னுபோகும். வண்டி நின்னா நானும் பழையபடி ஆயிருவேன்."

மகாராஜன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசியில் அமுதவள்ளிதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப இத்தனை வருசமா ஒரு பைத்தியமா எங்கள மேய்ச்சிச்சு? நெனச்சேன். இல்லேன்னா என்னைய முன்சீட்டுல விடாம இருப்பியா?"

யாரோ சிரித்தார்கள். மாயக்காள் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தி போய் நின்னா ஒரு ஆளு. என்னைய மாதிரி இந்த ஜீப்புல இருக்கிறவுகளும் நிக்கணும். யாரு யாருன்னு நான் சொல்ல மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன். அதனால எல்லாரும் எறங்குங்க. இருக்கிறவ, இல்லாதவ, அம்புட்டுப் பேரும் எறங்கி உக்காந்துட்டா யாருக்குச் சீக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

"ஒண்ணுமில்லாதவளுக எதுக்கு அரைநாள் கூலியை விடணும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"விடணும்னு இல்ல. காலையில வேற ஜீப்புல ஏறிக்கங்க. நான் எடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன்னும் சொல்ல மாட்டேன், குடுத்துட்டேன்னும் சொல்ல மாட்டேன்."

மகாராஜன் சாவியைத் திருப்பினான். அன்று வளைவுகளில் மாயக்காள் பையைத் திறக்கவில்லை. கீழே இறங்கி இருட்டில் கலையும்போதுதான் பொட்டலங்கள் கை மாறின. எந்தெந்தக் கை என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தெருமுனைக்கு நான் முன்னதாகவே போய்விட்டேன். மாயக்காள் ஜீப்பின் முன்னால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். தமிழ்செல்வி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிப்போய், அடுத்த முனையில் நின்ற ஜீப்பில் ஏறிக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் அப்படியே போனார்கள். மாயக்காள் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அமுதவள்ளி வந்தாள். "முன்சீட்டு இன்னைக்கு எனக்கு," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒருவர் ஒருவராக வந்தார்கள். நான் பின்னால் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்களில் யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

சுகாதார நிலையத்தின் வாசலில் பெஞ்சு போதவில்லை. படியிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். காலைச் சாப்பாட்டை அங்கேயே திறந்தார்கள். தோட்டத்துச் சூப்பர்வைசர் போன் செய்தார். "எந்தா மாயக்கா, ஜீப்பு எவிடே?" என்று அவர் மலையாளத்தில் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. மாயக்காள் எழுந்து நின்று, "மத்தியானம் வர்றோம் சாரே. ஆசுபத்திரியில இருக்கோம்," என்றார். யாருக்கு என்ன என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "எனக்குத்தான் சாரே. மனசுக்கு," என்றார் மாயக்காள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, "மத்தியானம் வேண்டாமாம். நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றாரு," என்றார்.

"அப்பச் சரி, இன்னைக்கு லீவு," என்று ஒருத்தி காலை நீட்டினாள்.

சாந்தகுமாரி வந்து கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். "என்ன மாயக்கா, ஊர்வலமா?"

"எல்லாரையும் எழுத வேண்டாம் நர்சம்மா. எல்லாரும் உள்ள போய்ட்டு வரட்டும். யாரு எதுக்குன்னு வெளிய தெரியக் கூடாது. அம்புட்டுத்தான்."

டாக்டரும் அதற்கு ஒத்துக்கொண்டார். சீட்டு இருந்தவர்கள் கம்ப்யூட்டரில் ஏறினார்கள். மற்றவர்களுக்குப் பிரஷர் பார்த்து அனுப்பினார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தோடு வெளியே வந்தார்கள். மாயக்காள் ஏற்பாட்டில் எல்லோருக்கும் மருந்தை ஒரே மாதிரி காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பாதிக் கவர்களில் சத்து மாத்திரைதான் இருந்தது.

அமுதவள்ளி கடைசியில் போனாள். "எனக்கு என்ன, கொழுப்பைத் தவிர? பிரஷரைப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். போனவள் வரவில்லை. சாந்தகுமாரி ஒரு டம்ளர் தண்ணீரோடு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. மாயக்காள் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த வியப்பை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அந்தப் பாதையில் போகிற எல்லோரையும் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவர் அவர். தன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, தினமும் ஜீப்பையே சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவளை மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அமுதவள்ளி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் காக்கிக் கவர்.

"டாக்டரு நல்லாத்தான் கேக்குறாரு," என்றாள்.

"நீ அவரைப் பேச விட்டியாடி?" என்றாள் ஒருத்தி.

"விடல."

எல்லோரும் சிரித்தார்கள். அமுதவள்ளி, மாயக்காளுக்குப் பக்கத்தில் இடம் செய்துகொண்டு உட்கார்ந்தாள். மாயக்காள் அவளுடைய தூக்குச்சட்டியைத் திறந்து, மிச்சமிருந்த சோற்றை அவள் கையில் உருட்டி வைத்தார்.

டாக்டர் கிளம்பும்போது வண்டியில் ஏறாமல் ஒரு நிமிடம் நின்றார். "எழுதுறேன் அக்கா. இன்னைக்கு வந்ததைக் காட்டினா அவங்களும் மறுக்க முடியாது. ஆனா மாசாமாசம் வரணும். ஒரு நாள் கூட்டத்துக்கு வண்டி விட மாட்டாங்க."

"வருவாக சார்," என்றார் மாயக்காள். அவர் குரலில் உறுதியில்லை.

அந்தத் தோட்டம் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாளே அங்கே வேறு ஜீப்பு போனது. மாயக்காள் சாந்தன்பாறைப் பக்கம் வேறொரு தோட்டத்தைப் பிடித்தார். அங்கே காய் கொஞ்சம் மட்டம், தூரமும் அதிகம். முனகல் இருந்தது. ஆனால் புதிய தோட்டத்துக்காரரிடம் மாயக்காள் முதலிலேயே சொல்லிவிட்டார்: மாதத்தில் ஒரு புதன் நாங்கள் மத்தியானம்தான் வருவோம். "அன்னிக்குக் கூலி அரைநாள்," என்றாராம் அவர். அதோடு பேச்சு முடிந்தது. இத்தனை வருடமும் கேட்காமலே பயந்திருந்த ஒரு விஷயத்துக்கு, கேட்டதும் கிடைத்த பதில் இவ்வளவுதானா என்று மாயக்காள் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அடுத்த மாதம் இரண்டாம் புதன் வந்தது. வண்டி வருமா வராதா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எழுதினதற்குப் பதில் வந்ததா என்று சாந்தகுமாரிக்கும் தெரியவில்லை. மகாராஜன் சுகாதார நிலையத்தில் ஜீப்பை நிறுத்தினான். இறங்கி உட்கார்ந்தோம். ஒன்பது மணி ஆனது. மலை வெளுத்து, வெயில் ஏறியது. யாரும் ரோட்டைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு வளைவில் வெள்ளை வண்டி திரும்பியது. கதவைத் திறந்து இறங்கிய டாக்டர், கையில் இருந்த மருந்துப் பெட்டியை மாயக்காளிடம் நீட்டினார். அது கனமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கினார் அவர். அரசாங்கம் என்பது எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் இருப்பது. அது அன்று அந்தப் பெட்டி அளவுக்குச் சுருங்கி, இந்த மலையடிவாரத்துக்கு வந்து, ஏலக்காய்க் கறை படிந்த இரண்டு கைகளில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்த எந்தப் பனிமலையும் எந்தக் கடலும் என்னை இப்படி நிறுத்தி வைத்ததில்லை.

அப்போது ரோட்டில் இன்னொரு ஜீப்பு வந்து நின்றது. அடுத்த முனை ஜீப்பு. இந்த நேரத்தில் அது மலைமேல் இருந்திருக்க வேண்டும். அதிலிருந்து பெண்கள் தூக்குச்சட்டிகளோடு இறங்கினார்கள்.

"இங்க பிரஷர் பாக்குறாகளாமே?" என்றாள் முன்னால் வந்தவள். "எங்களுக்கும் பாக்கணும்."

அவர்களுக்கு நடுவில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தமிழ்செல்வி நின்றிருந்தாள். ஒரு மாதம் தூங்காத முகம். அவள் மாயக்காளைப் பார்க்கவில்லை. மாயக்காளும் அவளைப் பார்க்கவில்லை.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தள்ளி உக்காருங்கடி," என்றார் தன் ஆட்களிடம். "பிரஷர் பாக்க வந்திருக்காக. எடம் குடுங்க."